கடல் தொடாத குமரியும் அணை நீர்மட்டப் பெட்டியும்

மரியாதைக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தங்கள் நாளிதழின் குமரி மாவட்டப் பக்கத்தில் அணைகளின் நீர்மட்டத்தைச் சொல்லும் ஒரு சின்னப் பெட்டி தினமும் வருகிறது. பேச்சிப்பாறை இத்தனை அடி, பெருஞ்சாணி இத்தனை அடி, சிற்றாறு ஒன்று, சிற்றாறு இரண்டு, பொய்கை, மாம்பழத்துறையாறு, முக்கடல். அதற்குக் கீழே மழையளவு. குலசேகரம், திருவட்டாறு, களியல் பக்கத்து டீக்கடைகளில் பேப்பர் வந்து விழுந்ததும் பலருடைய கை முதலில் திருப்புவது அந்தப் பக்கத்தைத்தான். அந்தப் பெட்டியைக் கொஞ்சம் திருத்தி அச்சிடுங்கள் என்று கேட்கத்தான் இந்தக் கடிதம். எதற்குக் கேட்கிறோம் என்பது விளங்க, இந்த மண் கிடக்கும் கிடப்பைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. நீளத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

குமரி மாவட்டம் என்றால் வெளியில் இருப்பவர்களுக்குக் கண்முன் வருவது கடல். மலையில் பெய்த மழையைப் பற்றிய செய்திக்குக்கூடப் பாறையில் அலை மோதும் படம்தான் போடப்படுகிறது. ஆனால் கடலையே தொடாத பெரிய நிலப்பரப்பு இந்த மாவட்டத்துக்குள் இருக்கிறது. 1956 நவம்பர் 1 அன்று தமிழ்நாட்டோடு சேர்ந்தபோது அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு என நான்கு தாலுகாக்கள். 2019-ல் கிள்ளியூரும் திருவட்டாறும் தனித் தாலுகாக்கள் ஆயின. அந்தத் திருவட்டாறு தாலுகாவும், விளவங்கோட்டின் வடபகுதியும் சேர்ந்ததைத்தான் நாங்கள் மலையோரம் என்கிறோம். வடக்கே காடும் அதைத் தாண்டித் திருநெல்வேலி மாவட்டமும். மேற்கே கேரளத்தின் நெய்யாறு, வெள்ளறடை பக்கம். மிச்சம் இரண்டு பக்கமும் நம் மாவட்டத்தின் மற்ற ஊர்கள். மாவட்டப் பரப்பில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு காடு. அதில் பெரும்பகுதி இந்தப் பக்கம்தான்.

இங்கே சமதளம் என்று ஒன்றைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். மேடு, சரிவு, பள்ளம், மறுபடி மேடு. ஊர்ப் பெயர்களே இதைச் சொல்லிவிடும். விளை என்று முடிகிற ஊர், மேட்டிலோ சரிவிலோ உள்ள தோட்ட நிலம்: காக்கவிளை, கோழிப்போர்விளை. இரண்டு விளைக்கு நடுவே தாழ்ந்து கிடக்கும் நெல்வயலுக்கு ஏலா என்று பெயர். ஆறுகாணி, பத்துகாணி என்ற பெயர்களில் காணி என்ற பழங்குடி மக்களின் பெயர் இன்றும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. மேட்டில் விழுகிற மழை சரிவில் ரப்பருக்குள் இறங்கி, ஏலாவில் கூடி, ஓடையாகி ஆற்றுக்குப் போகிறது. பல ஏலாக்கள் இன்று வாழையும் மரவள்ளியும் தென்னையுமாக மாறிவிட்டன. சிலவற்றை மண் போட்டு நிரப்பி வீடும் கட்டிவிட்டார்கள். முன்பு ஏலாவில் இரண்டு நாள் தங்கி மெதுவாக வடிந்த தண்ணீர் இப்போது உடனே ஆற்றில் விழுகிறது. அதனால்தான் மலையில் எவ்வளவு பெய்தது என்ற கணக்கு முன்னைவிட இப்போது சீக்கிரம் தெரிய வேண்டியிருக்கிறது.

இனி அந்தப் பெட்டிக்கு வருவோம்.

பேச்சிப்பாறையின் முழு மட்டம் 48 அடி. பெருஞ்சாணிக்கு 77 அடி. சிற்றாறு இரண்டும் 18 அடி வீதம். பொய்கை 42.65 அடி, மாம்பழத்துறையாறு 54.12 அடி, முக்கடல் 25 அடி. "பேச்சிப்பாறை 40, பெருஞ்சாணி 60" என்று ஒரு நாள் வந்தால், பெருஞ்சாணியில்தான் தண்ணீர் அதிகம் என்று படிப்பவர் நினைப்பது இயல்பு. உண்மை நேர்மாறானது. பேச்சிப்பாறையின் கொள்ளளவு 4,350 மில்லியன் கன அடி, பெருஞ்சாணியுடையது 2,890. சராசரியாகப் பார்த்தால் பேச்சிப்பாறையில் ஒரு அடி என்பது 90 மில்லியன் கன அடி. பெருஞ்சாணியில் ஒரு அடி 37 அல்லது 38தான். அதுவும் சராசரிக் கணக்கு. அணை கிண்ணம்போல அடியில் குறுகி மேலே விரிந்து கிடப்பதால், நிறையும் தறுவாயில் உயர்கிற ஒரு அடியில் சராசரியைவிடக் கூடுதலான தண்ணீர் இருக்கும், தரைதட்டும் நேரத்தில் குறைகிற ஒரு அடியில் அதைவிடக் குறைவாக இருக்கும். ஆகவே அடியோடு கொள்ளளவையும் மில்லியன் கன அடியில் போடுங்கள். இரண்டு எண் சேர்ந்து வந்தால்தான் அணையில் எவ்வளவு இருக்கிறது என்பது புரியும்.

முக்கடல் அணைக்குக் கோடையில் "மைனஸ்" என்று ஒரு எண் வருகிறதே, அதற்கும் ஒரு வரி விளக்கம் போடலாம். அளவுகோலின் பூஜ்யம் அணையின் அடித்தரையில் இல்லை. அதற்குக் கீழேயும் தண்ணீர் கிடக்கும். மட்டம் அந்தப் பூஜ்யத்துக்குக் கீழே இறங்கினால் மைனஸ். நாகர்கோவிலுக்குக் குடிநீர் தரும் அணை அது என்பதால், மைனஸ் எண்ணைப் பார்த்துப் பதறுகிறவர்களும் உண்டு, அச்சுப் பிழை என்று நினைத்துக் கடந்து போகிறவர்களும் உண்டு.

அடுத்தது வரத்தும் வெளியேற்றமும். வினாடிக்கு 1,000 கன அடி என்றால் ஒரு நாளைக்கு 86.4 மில்லியன் கன அடி. இந்த ஒரு கணக்கு மனதில் நின்றால் பாதிச் செய்தி தானே விளங்கிவிடும். பேச்சிப்பாறையில் 1,000 கன அடி ஒரு நாள் முழுவதும் திறந்தால், வரத்தே இல்லாத பட்சத்தில், ஏறத்தாழ ஒரு அடி இறங்கும். அதே 1,000 பெருஞ்சாணியில் திறந்தால் இரண்டு அடிக்கு மேல் இறங்கும். ஜூன் 1 முதல் பிப்ரவரி 28 வரை பாசனத்துக்கு வழக்கமாக அறிவிக்கப்படும் அளவு வினாடிக்கு 850 கன அடி வரை. அதாவது நாளொன்றுக்கு 73 மில்லியன் கன அடிக்குச் சற்று மேல். பேச்சிப்பாறை, பெருஞ்சாணி, சிற்றாறு இரண்டு, நான்கும் நிறைந்து தளும்பினாலும் மொத்தம் 8,200 சொச்சம் மில்லியன் கன அடிதான். வகுத்துப் பாருங்கள்: முழு அளவில் விட்டால் 112 நாளுக்குத்தான் வரும். பாசனக் காலமோ ஒன்பது மாதம். அப்படியானால் அணை ஒரு தடவை நிறைந்தால் போதாது. ஆனி ஆடி மழையில் ஒரு தடவை, ஐப்பசி கார்த்திகையில் இன்னொரு தடவை வரத்து வந்தாக வேண்டும். கன்னிப்பூ என்ற முதல் போக நெல்லுக்கு முதல் வரத்து, கும்பப்பூ என்ற இரண்டாம் போகத்துக்கு இரண்டாவது வரத்து என்று பெரியவர்கள் சொல்வதன் கணக்கு இதுதான். அணை நிறைந்துவிட்டது, இனிக் கவலை இல்லை என்று தலைப்புப் போடும்போது இந்த 112 நாளை நினைவில் வைத்துக்கொள்ளும்படி அன்போடு கேட்கிறோம்.

வரத்து என்பதிலும் இரண்டு வகை உண்டு. ஒன்று மழைநீர். மற்றொன்று மேலே கோதையாறு மின்நிலையங்களில் மின்சாரம் எடுத்துவிட்டு இறங்கும் நீர். 60 மெகாவாட் நிலையம் ஒன்று, 40 மெகாவாட் நிலையம் ஒன்று. மேல்கோதையாற்றிலும் குற்றியாற்றிலும் தேக்கிய தண்ணீர் குழாய் வழியே இறங்கி, மின்சாரம் தந்துவிட்டுப் பேச்சிப்பாறைக்கு வந்து சேர்கிறது. மழையே இல்லாத நாளில் பேச்சிப்பாறைக்கு மட்டும் வரத்து இருந்தால், பெரும்பாலும் மேலே இயந்திரம் ஓடுகிறது என்று பொருள். அதைப் பார்த்து மலையில் மழை என்று எழுதிவிடக் கூடாது. பெருஞ்சாணியிலும் வரத்து கூடியிருக்கிறதா என்று ஒப்பிட்டுப் பார்த்தால் போதும், வித்தியாசம் தெரிந்துவிடும்.

உபரி நீரைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டும். இதில் வருகிற குழப்பம் ஆளை ஆபத்தில் விடக்கூடியது. "அணைகளில் உபரி நீர் திறப்பு, தாமிரபரணி ஆற்றில் வெள்ளம்" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். எந்த அணை, எந்த ஆறு என்பது முக்கியம். பேச்சிப்பாறை கோதையாற்றின் குறுக்கே நிற்கிறது. அதன் உபரியும், சிற்றாறு அணைகளின் உபரியும் திற்பரப்பு வழியாகத்தான் போகும். திற்பரப்பு அருவியில் குளிக்கத் தடை வருவது இந்த மூன்று அணைகளாலும், அணைகளுக்குக் கீழே பெய்கிற மழையாலும். பெருஞ்சாணி நிற்பது பரளியாற்றில். அதன் உபரி, அதே ஆற்றில் கீழே இருக்கும் புத்தன் அணையைத் தாண்டி, அருவிக்கரை வழியாக, மாத்தூர் தொட்டிப்பாலத்தின் அடியில் ஓடும். ஆகவே பெருஞ்சாணியைத் திறந்தால் திற்பரப்பில் ஒன்றும் ஆகாது. மாத்தூரில் ஆற்றில் இறங்குகிறவர்தான் கவனமாக இருக்க வேண்டும். பேச்சிப்பாறையைத் திறந்தால் மாத்தூரில் ஒன்றும் தெரியாது. திற்பரப்பில் நுரை பொங்கும். இரண்டு ஆறும் திருவட்டாற்றை ஒட்டி மூவாற்றுமுகத்தில் கூடுகின்றன. ஆதிகேசவப் பெருமாள் கோயிலைச் சுற்றி ஆறு ஓடுவதால்தானே ஊருக்கே திருவட்டாறு என்று பெயர். அங்கிருந்து கீழேதான் குழித்துறை ஆறு, அதாவது நாம் தாமிரபரணி என்று சொல்வது. இது நெல்லைத் தாமிரபரணி இல்லை என்பதையும் வெளியூர்ப் பதிப்புகளில் சேர்த்து எழுதுவது நல்லது. குழித்துறையில் தாழ்வான சப்பாத்துப் பாலம் மூழ்குவது இரண்டு ஆற்று நீரும் சேர்ந்து வரும்போது. கடைசியில் தேங்காய்ப்பட்டணத்தில் கடல்.

இந்த ஓட்டத்தை ஒரு கோட்டுப்படமாக ஒரே ஒரு தடவை போட்டுவிட்டு, பிறகு உபரிச் செய்தி வரும் நாளிலெல்லாம் அதையே சின்னதாகச் சேர்த்துப் போட்டால், வாசகர் தன் ஊர் எந்தக் கோட்டில் இருக்கிறது என்று பார்த்துக்கொள்வார். பேச்சிப்பாறை 42 அடியை எட்டும்போது வெள்ள எச்சரிக்கை விடுவது வழக்கம். அந்த எச்சரிக்கை திற்பரப்பு, திருவட்டாறு, குழித்துறை என்று ஊர் பெயரோடு வர வேண்டும். "தாழ்வான பகுதி மக்கள்" என்றால் மேடும் பள்ளமுமான இந்த நாட்டில் யார் தங்களைத் தாழ்வான பகுதி என்று நினைப்பார்கள்?

பாசனத் தண்ணீர் போகும் வழி இன்னொன்று. இந்த மேற்கு நோக்கிய ஆறுகளின் தண்ணீரை மலைச்சரிவை ஒட்டி வெட்டிய சானல்கள் வழியே கிழக்கே தோவாளை, அகஸ்தீஸ்வரம் பக்கத்து நாஞ்சில் நாட்டுக்குத் திருப்பியிருப்பதுதான் இந்தப் பாசனத்தின் அச்சாணி. பேச்சிப்பாறைத் தண்ணீர் இடதுகரைச் சானல் வழியாகப் புத்தன் அணைக்கு வருகிறது; பெருஞ்சாணித் தண்ணீரும் அங்கேதான். அங்கிருந்து பாண்டியன் கால், பத்மநாபபுரம் புத்தனாறு, பிறகு தோவாளை சானல், அனந்தனார் சானல் என்று பிரிகிறது. திருவிதாங்கூர் மன்னர் மூலம் திருநாள் மகாராஜா காலத்தில், மிஞ்சின் என்ற பொறியாளர் பொறுப்பில், 1897-ல் தொடங்கி 1906-ல் பேச்சிப்பாறை அணை முடிந்தது. நாஞ்சில் நாட்டு நெல்லுக்குத் தண்ணீர் தருகிற மலை எங்கள் பக்கம் இருக்கிறது. சிற்றாறு பட்டணங்கால் என்ற சானல் எதிர்த் திசையில், கல்குளம் விளவங்கோடு பக்கம் ஓடுகிறது. அதன் வழியில் பரளியாற்றுப் பள்ளம் குறுக்கிட்டதால்தான் கணியான்பாறைக்கும் கூட்டுவாயுப்பாறைக்கும் நடுவே 115 அடி உயரத்தில், 28 தூண்களின் மேல், காமராஜர் காலத் திட்டமாக 1966-ல் மாத்தூர் தொட்டிப்பாலம் வந்தது. மேலே தொட்டியில் சிற்றாற்றுத் தண்ணீர், கீழே ஆற்றில் பரளியாற்றுத் தண்ணீர். பாலத்தில் நின்று படம் எடுக்கிறவர்களில் பலருக்கு இரண்டும் வேறு வேறு தண்ணீர் என்பதே தெரியாது.

சரிவை ஒட்டி வெட்டிய சானலுக்கு ஒரு பலவீனம் உண்டு. ஒரு கரை மலை, மறு கரை போட்ட மண். மேலிருந்து மண் சரிந்து சானலை அடைத்தால், தண்ணீர் ஏறி, மண் கரையை உடைத்துக்கொண்டு கீழ்ப்பக்கத்து விளைக்குள் பாயும். உடைப்பு மேலே ஒரு இடத்தில்தான் என்றாலும், அடைத்து முடிக்கும்வரை கடைமடை முழுவதும் காயும். அதோடு, தை மாசியில் ரப்பர் இலை கொட்டும்போது சானலில் இலை மெத்தை மெத்தையாகப் படியும். சாலைக்கு அடியில் போகும் குழாய்களிலும் மதகுக் கம்பிகளிலும் அது பிளாஸ்டிக் குப்பையோடு சேர்ந்து கெட்டித்து அடைத்துக்கொள்ளும். பாசனம் முடிகிற மாதம் அது, கும்பப்பூவின் கடைசித் தண்ணீர் வேண்டிய நேரமும் அதுதான். கடைமடைக்குத் தண்ணீர் வரவில்லை என்று எழுதும் நிருபர், அணை மட்டத்தைக் கேட்பதோடு சானலில் எந்த இடத்தில் அடைப்பு என்றும் கேட்டு எழுதினால் பாதி வேலை நடந்துவிடும்.

மழையளவைப் பற்றி. பெட்டியில் வரும் மழையளவு முந்தின நாள் காலை 8 மணி முதல் அன்று காலை 8 மணி வரை பெய்தது. 1 மி.மீ. என்றால் ஒரு சதுர மீட்டரில் ஒரு லிட்டர், 10 மி.மீ. பெய்தால் ஏக்கருக்கு 40,000 லிட்டர். 100 சதுர கிலோமீட்டர் மலையில் 100 மி.மீ. பெய்தால் 353 மில்லியன் கன அடி. அதில் பாதி ஓடி வந்தாலே பேச்சிப்பாறை ஏறத்தாழ இரண்டு அடி உயரும். மண் காய்ந்து கிடக்கும் வைகாசிக் கடைசியில் முதல் மழை மண்ணுக்குள்ளேயே போய்விடும். நான்கு நாள் நனைந்த மண்ணில் அதே மழை பெய்தால் அப்படியே ஓடிவரும். ஆகவே இன்றைய அளவை மட்டும் பார்த்து எதையும் சொல்ல முடியாது. முந்தின மூன்று நாள் மொத்தமும் பக்கத்தில் வேண்டும்.

அதைவிட முக்கியம், மழை எப்போது பெய்தது என்பது. நகரத்தில் 40 மி.மீ. என்றால் 40 மி.மீ.தான். ரப்பர் பால்வெட்டுத் தொழிலாளிக்கு அப்படி இல்லை. மரத்தில் பால் வடியக் கீறும் வெட்டுச்சாலை இடது பக்கம் உயர்ந்து வலது பக்கம் தாழ்ந்து, ஒட்டுக்கட்டிய மரத்தில் 30 டிகிரிச் சரிவாக, மரச் சுற்றளவில் பாதிக்கு ஓடும். பொழுது விடியும் முன்பே வெட்டத் தொடங்க வேண்டும். வெயில் ஏறுவதற்கு முன் மரத்துக்குள் அழுத்தம் இருக்கும்போதுதான் பால் நன்றாக இறங்கும். ஏறத்தாழ மூன்று மணி நேரம் வடியும். பட்டை நனைந்திருந்தால் பால் வெட்டுச்சாலையில் நிற்காமல் பட்டை முழுவதும் பரவி வழிந்து போகும், பால் பிடிக்க வைத்த சிரட்டைக்கு வராது. அதனால் விடியற்காலை மூன்று மணிக்குப் பெய்யும் 5 மி.மீ. ஒரு நாள் கூலியை எடுத்துவிடும். பிற்பகல் மூன்று மணிக்குப் பெய்யும் 50 மி.மீ. அன்றைய வேலையைத் தொடாது. இரவில் பட்டை காய்ந்துவிட்டால் மறுநாள் வெட்டுக்கும் தடை இல்லை.

வெட்டிய பிறகு, பால் எடுப்பதற்குள் மழை வந்தால் நட்டம் வேறு மாதிரி. சிரட்டையில் தண்ணீர் கலந்துவிடும். பாலை உறையவைத்துத் தகடாக்கும் ஷீட் ஒன்றுக்கு அரைக் கிலோ ரப்பர், நான்கு லிட்டர் கரைசல் என்ற கணக்கில்தான் தட்டில் ஊற்றிப் ஃபார்மிக் ஆசிட் விடுவது. மழைநீர் கலந்த பாலில் ரப்பர் எத்தனை பங்கு என்று மெட்ரோலாக் என்ற அளவுகருவியில் பார்க்காமல் வழக்கமான அளவுக்குத் தண்ணீரும் ஆசிட்டும் விட்டால் உறைதல் சரியாக வராது. ஷீட் கொழகொழவென்று இருக்கும், ரோலரில் பிய்யும், உலர்த்தும் புகைப்புரையிலிருந்து வரும்போது குமிழியும் கறையும் இருக்கும், தரம் ஒரு படி இறங்கிவிடும். நிறையத் தண்ணீர் கலந்தால் சிரட்டையிலேயே கட்டிபிடித்துக்கொள்ளும். அது மட்டமான ஒட்டுப்பால் விலைக்குத்தான் போகும். மழைக்காப்பு பிளாஸ்டிக் போட்ட மரம் இதற்குத் தப்பும், அதுவும் ஒழுங்காகப் போட்டிருந்தால். வெட்டுக்கு மேலே மரத்தைச் சுற்றித் தார்ப்பசை தடவி, பிளாஸ்டிக்கைக் கொசுவம் வைத்து ஒட்ட வேண்டும். பசையில் விரல்நுனி அளவு இடைவெளி விட்டாலும் மரத்தில் வழிகிற தண்ணீர் அதன் வழியாக நேரே வெட்டில் இறங்கும். நனைந்த வெட்டில் பூஞ்சணம் பிடித்துப் பட்டை கறுத்தால், அந்தப் பகுதியில் புதுப்பட்டை சரியாக வளராது. மரம் பால் தர வேண்டிய வருடங்களே குறைந்துவிடும்.

பருவத்துக்குப் பருவம் மழையின் குணமும் வேறு. ஆனி ஆடியில் தென்மேற்குப் பருவ மழை ராத்திரி, விடியல், பகல் என்று பார்க்காமல் தூறிக்கொண்டே இருக்கும். ஐப்பசி மழை பெரும்பாலும் மதியத்துக்கு மேல் இடியோடு வந்து கொட்டிவிட்டுப் போகும். ஆனியில் 20 மி.மீ. எங்களுக்கு ஒரு நாள் வேலை இழப்பு. ஐப்பசியில் 60 மி.மீ. பெய்த மறுநாளும் வேலை நடக்கலாம். ரப்பருக்கு இந்த நாடு ஏன் இவ்வளவு ஒத்துப்போகிறது என்பதற்கும் காரணம் இதிலேயே இருக்கிறது. வடக்கே கேரளத்தில் தென்மேற்கு மழை ஒரே மூச்சாகக் கொட்டுவதால் இலையுதிர்வு நோய் கடுமையாக வரும். இங்கே மழை இரண்டு பருவமாகப் பிரிந்து வருவதால் அந்த நோய் அவ்வளவு தாக்காது. பாலும் நன்றாக இருக்கும். ஆகவே பெட்டியில் ஒரே ஒரு சேர்க்கை கேட்கிறோம்: முடிந்த இடத்தில், இரவு மழை, பகல் மழை என்று இரண்டாகப் பிரித்துப் போடுங்கள். மாலை 6 முதல் காலை 8 வரை ஒன்று, மீதி ஒன்று. தானியங்கி மழைமானி உள்ள இடங்களிலாவது இது முடியும்.

மழையளவில் எந்த ஊரைப் போடுகிறார்கள் என்பதும் பார்க்க வேண்டியது. கன்னியாகுமரி ஊரில் மழையில்லை என்ற நாளில் பாலமோரில் நல்ல மழை இருக்கும். இடையில் உள்ள தூரம் அதிகமில்லை, ஆனால் மேகம் முட்டுவது மலையில். ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்று அடித்துக்கொண்டே இருக்கும். அந்தக் காற்றில் மழை நின்று பெய்யாது. இடப் பற்றாக்குறை என்றால் நகரப் பகுதியின் அளவுகளைக் குறைத்துக்கொண்டு பேச்சிப்பாறை, பெருஞ்சாணி, சிற்றாறு, சுருளோடு, பாலமோர் ஆகியவற்றை விடாமல் போடுங்கள். மாவட்ட சராசரி என்ற எண் எங்கள் ஊரில் யாருக்கும் பயன்படுவதில்லை. கடற்கரைக்காரருக்கும் பயன்படாது.

மழை தப்பும் மாதங்களில் வேறு கவலை. மாசி பங்குனியில் ரப்பர் புதுத் தளிர் விடும்போது இலைக்காம்பின் நுனியில் தேன் சுரக்கிறது, பூவில் இல்லை. மார்த்தாண்டம் தேனில் பெரும்பகுதி அதுதான். அந்த நாட்களில் இரண்டு தடவை நல்ல மழை பெய்தால் சுரந்த தேன் கழுவிப் போய்விடும். தேனீப் பெட்டி வைத்தவர் அந்த ஆண்டு ஈக்குச் சர்க்கரைப் பாகுதான் வைக்க வேண்டியிருக்கும். மாறாமலை, கரும்பாறை, வெள்ளிமலைப் பக்கம் விளையும் கிராம்புக்கு 2021-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. மொட்டு விரிவதற்கு முன் பறித்து, நான்கைந்து நாள் விடாத வெயிலில் காய்ந்தால்தான் அந்த நிறமும் எண்ணெயும் நிற்கும். நடுவில் மழை வந்தால் பூஞ்சணம் பூத்து வெளுத்துவிடும். இவர்கள் எல்லோரும் நம்பியிருப்பது அடுத்த மூன்று நாளைக்கு மலையில் என்ன என்ற ஒரு வரியைத்தான். "கடலோர மாவட்டங்களில் மழைக்கு வாய்ப்பு" என்ற வரியில் எங்களுக்குச் செய்தி இல்லை.

2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் வந்தபோது கடலுக்குப் போனவர்கள் திரும்பாத துயரத்தை நாடே பார்த்தது, பார்த்திருக்கவும் வேண்டும். அதே நாளில் மலையோரத்தில் ரப்பரும் வாழையும் படுத்துக்கிடந்தன. நனைந்த செம்மண்ணில் வேர் பிடி தளர்ந்துபோகும். அந்த நிலையில் தலைக்கனத்த மரத்தைக் காற்று ஆட்டினால் வளர்ந்த மரம் வேரோடு சாயும், இளமரம் கவட்டையில் முறியும். முறிந்த தடியை நாட்கணக்கில் போட்டுவைக்கவும் முடியாது. ரப்பர் தடியில் மாவுச்சத்து அதிகம். வெட்டிய ஓரிரு வாரத்துக்குள் அறுத்து மருந்து ஏற்றாவிட்டால் நீலக்கறை பிடித்து விறகு விலைக்குப் போய்விடும். ஒரு தோட்டம் மறுபடி பால் தர, மரம் 125 செ.மீ. உயரத்தில் 50 செ.மீ. சுற்றளவு வர வேண்டும். அதற்கு ஏழு வருடம். புயல் செய்தியில் கடலோரத்தோடு மலையோரத்தின் பெயரும் முதல் நாளிலேயே வர வேண்டும் என்று கேட்பது இதனால்தான்.

எல்லையைப் பற்றி ஒரு வார்த்தை. களியக்காவிளை வழியே போகிறவர்களுக்கு எல்லை என்பது ஒரு சோதனைச் சாவடி. மலைப்பக்கம் எல்லை ஒரு ஓடை, ஒரு தோட்டத்து வரப்பு. ஆறுகாணியிலிருந்து வெள்ளறடைச் சந்தைக்குப் போவது பக்கத்து ஊருக்குப் போவதுதான். காளிமலைக்கும் குருசுமலைக்கும் இரண்டு மாநிலத்திலிருந்தும் ஆட்கள் ஏறுகிறார்கள். ஆனால் தண்ணீர் என்று வரும்போது அந்தக் கோடு நன்றாகவே தெரிகிறது. நெய்யாறு இடதுகரைச் சானலை நம்பி விளவங்கோட்டில் 9,200 ஏக்கர் இருந்தது. 2004-லிருந்து அந்தத் தண்ணீர் வருவதில்லை. சானல் அப்படியே கிடக்கிறது. பல இடத்தில் காடு மண்டி, கரை இடிந்து, தண்ணீர் மறுபடி விட்டாலும் போகுமா என்ற நிலையில் இருக்கிறது. அணைப் பெட்டியில் நெய்யாறு என்ற பெயர் இல்லை. கேரளத்து அணைதான், ஆனால் நம் ஆயக்கட்டுக்கும் உரியது. அதன் மட்டத்தையும் ஒரு வரியாகச் சேர்த்தால், தண்ணீர் இருந்தும் வரவில்லையா, இல்லாமல் வரவில்லையா என்று இங்குள்ளவர்கள் தெரிந்துகொள்வார்கள்.

நீர்த்தேக்கத்துக்கு அக்கரையில் உள்ள காணி குடியிருப்புகளை இந்தக் கணக்கில் யாரும் சேர்ப்பதில்லை. பேச்சிப்பாறை மட்டம் ஏறினால் கீழே ஊரில் சந்தோஷம். அக்கரையில் அது படகுத் துறை மாறுகிற நாள். மட்டம் தாழும்போது படகு அணையும் இடத்திலிருந்து கரைக்குச் சேற்றில் நடக்க வேண்டும். நிறைந்து காற்றடிக்கும்போது படகே விட முடியாது. பிரசவத்துக்கும் பள்ளிக்கும் ரேஷனுக்கும் அந்தத் துறைதான் வழி. மழை நாட்களில் படகு ஓடுகிறதா இல்லையா என்பதைப் பெட்டியில் ஒரு சொல்லாகச் சேர்க்க முடியுமா என்று பாருங்கள்.

எல்லாம் சேர்ந்தால் பெட்டி பெரிதாகிவிடும் என்று தோன்றலாம். அப்படி ஆகாது. ஒவ்வொரு அணைக்கும் ஒரு வரி: பெயர், ஆறு, இன்றைய அடி, முழு அடி, இருப்பு மில்லியன் கன அடியில், வரத்து, பாசனத்துக்குத் திறப்பு, உபரி. பாசனத் திறப்பையும் உபரியையும் மட்டும் ஒரே எண்ணாகக் கூட்டிவிட வேண்டாம். முதலாவது சானலில் போகிறது, இரண்டாவது ஆற்றில் போகிறது, ஆற்றங்கரையில் இருப்பவருக்கு வேண்டியது இரண்டாவது எண். அதற்குக் கீழே ஐந்தாறு மலையோர ஊர்களின் மழை, இரவு பகல் பிரித்து, பக்கத்தில் மூன்று நாள் மொத்தம். இன்று பெட்டி பிடிக்கிற இடத்தைவிட நான்கு விரற்கடை கூடுதலாக இருந்தால் போதும். ஞாயிற்றுக்கிழமைகளில் மாவட்டப் பக்கத்தில் அந்த இடம் காலியாகவே இருக்கிறது; அங்கிருந்தாவது தொடங்கிப் பாருங்கள்.

இப்படிக்கு,
குலசேகரம், திருவட்டாறு வட்டார
ரப்பர் விவசாயிகளும் சானல் பாசன விவசாயிகளும்